இன்வெர்ட்டருக்கு ஈய பேட்டரியா, லித்தியமா? அப்பாவின் ஆக்சிஜன் மெஷினுக்காகக் கேட்கிறேன்

மாடித்தோட்டம் (திருச்சி):

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, நுரையீரல் பலவீனம். வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்துக்கொள்ள டாக்டர் சொல்லிவிட்டார். இரவு முழுவதும் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட வேண்டும். மெஷினின் பின்பக்கம் 350 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது.

எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போவதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் போனால் வர 3 மணி நேரம் ஆகும். போன வருடம் ஒரு நாள் இரவு 1 மணிக்குப் போனது 4 மணிக்குத்தான் வந்தது. அன்றைக்கு அப்பாவுக்கு இந்த மெஷின் தேவைப்படவில்லை, பனை விசிறியை வைத்துச் சமாளித்தோம். இனி அப்படி முடியாது.

இப்போது வீட்டில் இருப்பது 7 வருடப் பழைய 150 ஏஎச் டியூபுலர் ஈய பேட்டரி. ஃபேனும் லைட்டும் போட்டாலே முக்கால் மணி நேரத்தில் கத்த ஆரம்பிக்கிறது. ஒரு கடையில் இதே மாதிரி புதிது ஒன்று போதும் என்றார்கள். இன்னொரு கடையில் லித்தியம் வாங்கச் சொல்கிறார்கள், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் லித்தியம் தீப்பிடிக்கும், வயதானவர் படுக்கும் வீட்டில் வேண்டாம் என்கிறார். நான் தமிழாசிரியை. இந்தக் கணக்கெல்லாம் பழக்கமில்லை. புரியும்படி யாராவது சொல்ல முடியுமா?


பேட்டரிக்கடை (திருப்பூர்):

டீச்சர், 22 வருடமாக எனக்கு இதுதான் தொழில். கடைக்கு வருகிற எல்லோரும் "எந்த பேட்டரி நல்ல பேட்டரி" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டு இருட்டு எத்தனை மணி நேரம் என்று. நீங்கள் கேட்காமலேயே சொல்லிவிட்டீர்கள், 3 மணி. அதிலிருந்து தொடங்கலாம்.

ஸ்டிக்கரில் இருக்கும் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) என்பது 20 மணி நேரக் கணக்கு. ஏழரை ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் 20 மணி நேரம் கொடுக்கும் என்று அர்த்தம். ஃபேன், லைட்டுக்கு அது சரி. உங்களுக்கு மெஷின் 350, ஃபேன், லைட் எல்லாம் சேர்த்து 430 வாட்ஸ் வரும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஈய பேட்டரியை அந்த வேகத்தில் இழுத்தால் 150 முழுசாகக் கிடைக்காது. 100 கிடைத்தால் பெரிது. அதாவது புது பேட்டரியிலேயே சுமார் இரண்டரை மணி நேரம். இரண்டு வருடம் போனால் அதுவும் குறையும். எனவே ஒரே ஒரு ஈய பேட்டரி போதும் என்று உங்களிடம் சொன்னவர் மெஷினைக் கணக்கில் எடுக்கவில்லை. ஈயம்தான் வேண்டும் என்றால் இரண்டு வாங்கி 24 வோல்ட் இன்வெர்ட்டரில் போடுங்கள்.

இன்னொன்று. இன்வெர்ட்டர் கட்டாயம் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்டைப் போலவே சீரான அலையாகத் தரும் வகையாக இருக்க வேண்டும். கான்சன்ட்ரேட்டருக்குள் இருப்பது கம்ப்ரசர் மோட்டார். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் சூடாகி உறுமும். மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி பல மடங்கு இழுக்கும், அதையும் இன்வெர்ட்டர் தாங்க வேண்டும்.


கடிகாரமுள் (பெங்களூரு):

பேட்டரிக்கடை அண்ணன் சொன்ன கணக்கு சரி. தீப்பிடிக்கும் பயத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

லித்தியம் என்பது ஒரே பொருள் அல்ல, ஒரு குடும்பப் பெயர். போன், லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் கோபால்ட், நிக்கல் கலந்த வகை. எடை குறைவு, சக்தி அதிகம், சூடு எல்லை மீறினால் தனக்குள்ளேயே ஆக்சிஜனை விட்டுக்கொண்டு எரியும். இன்வெர்ட்டருக்கு விற்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட், எல்எஃப்பி என்பார்கள். இதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு கெட்டியாகப் பிணைந்திருக்கும், சுலபத்தில் பிரியாது. அதனால்தான் வீட்டுக்குள் வைக்க இது ஏற்றது. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லமாட்டேன், மட்டமான பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) போட்டால் எதுவும் கெடும். ஆனால் அந்த ஆசிரியர் மனதில் வைத்திருக்கும் பேட்டரி இது இல்லை.

டீச்சர் வகுப்பில் சொல்ல ஒரு விஷயம். 2019இல் லித்தியம் அயான் பேட்டரிக்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்களில் ஜான் குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். இரும்போடு சல்பேட் போன்ற தொகுதிகள் சேர்ந்த பொருட்களுக்குள் லித்தியத்தை நுழைக்க முடியும் என்று 1980களின் பிற்பாதியில் குட்இனஃபும் அவரும் சேர்ந்து காட்டினார்கள். அந்த வழியில் போய்த்தான் 1997இல் குட்இனஃபின் குழு எல்எஃப்பியை வெளியிட்டது. திருச்சியில் ஒரு வீட்டுக்கு வரப்போகிற பெட்டிக்குள் மதுரையில் படித்த ஒருவரின் உழைப்பும் இருக்கிறது. எனக்கு இதை நினைத்தால் அவ்வளவு சந்தோஷம்.


யாழ்_வெயில் (யாழ்ப்பாணம்):

ரீச்சர், எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள். 2022இல் இங்கே மின்வெட்டு எப்படி இருந்தது என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் என்று அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரம் புத்தம் புது ஈய பற்றரி இருந்தது. அது ஏழே மாதத்தில் செத்தது.

பற்றரியில் குற்றமில்லை. ஈய பற்றரி முழுசாக ஏற 10, 12 மணித்தியாலம் வேண்டும். எங்களுக்குக் கரண்ட் இருந்த நேரமே அவ்வளவுதான், அதுவும் துண்டு துண்டாக. பாதி ஏறும், திரும்ப வெட்டு, அடிவரை இறங்கும். அரைகுறையாக நின்றால் தகட்டில் சல்பேட் படிந்து கல்லாகிவிடும் என்று பிறகுதான் ஒருவர் விளங்கப்படுத்தினார். ஆகவே இருட்டின் நீளத்தோடு வெளிச்சத்தின் நீளத்தையும் கேட்க வேணும். உங்களுக்கு வருடத்தில் சில இரவுகள்தான் என்றால் இந்தப் பிரச்சினை வராது. இங்கே அப்போது லித்தியம் வைத்திருந்தவர்கள்தான் தப்பினார்கள். அதை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஏற்றிவிடலாம், பாதியில் நின்றாலும் கோபிக்காது.


பேட்டரிக்கடை (திருப்பூர்):

யாழ் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் ஊரிலும் 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வருடத்துக்கு ஒரு பேட்டரி மாற்றியவர்கள் உண்டு.

ஆனாலும் ஈயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். 1859இல் கண்டுபிடித்தது இன்றைக்கும் ஓடுகிறது என்றால் சும்மா இல்லை. பழைய பேட்டரியைக் கொண்டுவந்தால் எடைக்குக் காசு கிடைக்கும், ஈயத்தை உருக்கித் திரும்பவும் பேட்டரி ஆக்கலாம். லித்தியத்துக்கு என் தெருவில் இன்னும் அந்த வழி இல்லை. தயவுசெய்து பழைய பேட்டரியைத் தெருவில் வருகிற காயலான்காரரிடம் போடாதீர்கள். திறந்தவெளியில் உடைத்து உருக்கினால் ஈயப் புகையும் தூசியும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மூளைக்குத்தான் போகும். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். கம்பெனிகள் திரும்ப வாங்க வேண்டும் என்று 2022இல் சட்ட விதியே வந்துவிட்டது.


நிலாப்பித்தன் (மதுரை):

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. "இருட்டு எத்தனை மணி நேரம்" என்று அண்ணன் சொன்னதும் எனக்குச் சந்திரயான்-3 நிலாவில் இறக்கிய விக்ரம் கலம் ஞாபகம் வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று எங்கள் விடுதியில் 200 பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். செப்டம்பரில் தூங்க வைத்தார்கள், 22ஆம் தேதி விடியும், எழுந்துவிடும் என்று காத்திருந்தோம். எழவில்லை. அன்றைக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பெரிய பேட்டரி ஒன்று வைத்திருக்கக் கூடாதா? வீட்டுக்கு இரண்டு பேட்டரி போடுகிறோமே, அதைப் போல.


கடிகாரமுள் (பெங்களூரு):

தம்பி, அழுததில் தப்பே இல்லை. நானும் அன்று இரவு முழுவதும் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

விண்வெளியில் இருட்டு இடத்துக்கு இடம் மாறும். சர்வதேச விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. அதில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பூமியின் நிழல். ஆக ஒரு நாளைக்கு 16 குட்டி இரவுகள். 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் டிவி செயற்கைக்கோளுக்கு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இருட்டே கிடையாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில வாரங்கள் மட்டும் தினமும் நிழல் விழும், அதிகபட்சம் 72 நிமிடம். அதற்கேற்ற பேட்டரியோடு 15 வருடம் ஓடுகின்றன.

மங்கள்யானை எடுத்துக்கொள். 6 மாதத்துக்கென்று அனுப்பியது, 2014 செப்டம்பர் 24 முதல் ஏறத்தாழ 8 வருடம் செவ்வாயைச் சுற்றியது. அதன் பேட்டரி 1 மணி 40 நிமிட இருட்டைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. நிழல் நீளமாக விழாதபடி பாதையைத் திருப்பித் திருப்பிவிட்டு அதைக் காப்பாற்றி வந்தார்கள். எரிபொருள் கரைந்த பிறகு திருப்ப வழியில்லை. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகணம் ஒன்று வந்தது. அதோடு தொடர்பு போனது. டீச்சர் வீட்டுப் பழைய பேட்டரியைப் போல அது கெட்டுப் போகவில்லை. அது அறிந்த இருட்டைவிட வந்த இருட்டு நீளம், அவ்வளவுதான்.

இப்போது நிலா. அங்கே ஓர் இரவு நம் 14 நாள். 336 மணி நேரம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 200 டிகிரி வரை போகலாம். லித்தியம் அயானைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தாலே உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் வீணாகும். ஆகவே இரவு முழுவதும் கருவிகளையும் பேட்டரியையும் சூடாக வைக்க வேண்டும். கணக்குக்காக 100 வாட்ஸ் ஹீட்டர் என்று வை. 336 மணிக்கு 33.6 யூனிட். ஒரு கிலோ பேட்டரிக்கு 0.2 யூனிட் என்றால்கூட 168 கிலோ. விக்ரமிலிருந்து இறங்கி ஓடிய பிரக்யான் ரோவரின் எடை 26 கிலோதான். அந்தச் சூட்டைத் தருவதற்காக மட்டும் ஆறு பிரக்யான் எடைக்கு மேல் தூக்கிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும், இறங்க எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைத் தூக்க ராக்கெட் வேண்டும். அதனால்தான் ஒரு பகல் போதும் என்று திட்டமிட்டார்கள். அந்த ஒரு பகலில் செய்ய நினைத்ததைச் செய்து முடித்து, கடைசியில் 40 செ.மீ. எழும்பித் திரும்பவும் இறங்கிக் காட்டினார்கள். அது தோல்வி இல்லை தம்பி.

நிலா இரவைத் தாண்டியவர்களில் பலர் பேட்டரியை மட்டும் நம்பவில்லை. 1970இல் இறங்கிய சோவியத்தின் லூனோகோட் ஊர்தி, பொலோனியம் சிதைவதால் வரும் சூட்டைக் குளிர்காயும் கணப்பைப் போல வைத்துக்கொண்டு பத்து மாதம் ஓடியது. சீனாவின் சாங்இ-3, சாங்இ-4 கலங்களிலும் அணுச்சூடுதான்.


நிலாப்பித்தன் (மதுரை):

அண்ணா, நிலாவில் இறங்கிய ஜப்பானின் ஸ்லிம் கலம்? அதில் அணுச்சூடு கிடையாதே. 2024 ஜனவரியில் தலைகுப்புற இறங்கியும் மூன்று இரவைத் தாண்டிவிட்டதே.


கடிகாரமுள் (பெங்களூரு):

நல்ல கேள்வி, நான் விட்டுவிட்டேன். ஸ்லிம்மை இரவுக்கென்று வடிவமைக்கவில்லை. ஏப்ரல் கடைசிவரை அது விழித்தெழுந்தது அதைச் செய்தவர்களுக்கே வியப்பு. அது இறங்கியது நிலாவின் நடுக்கோட்டுக்குப் பக்கம், விக்ரம் தென்துருவப் பக்கம் 69 டிகிரியில். சாலிடர் விரிசல் விடாமல், செல் உறைந்து மீண்டும் உயிர் பெறுவது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் பிரக்யானை முழு சார்ஜோடு தூங்க வைத்து, விக்ரமிலும் ரிசீவரைத் திறந்து வைத்தார்கள். அந்த முயற்சியே எனக்குப் பிடித்திருந்தது.

உன் போனிலும் ஒரு கதை இருக்கிறது. செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் இருந்தது கடையில் கிடைக்கும் ரகத்தைச் சேர்ந்த ஆறு சோனி லித்தியம் செல்கள், மூளையாக ஒரு பழைய செல்போன் சிப். எடை 1.8 கிலோ. 5 தடவை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 72 தடவை பறந்தது. அதன் சார்ஜில் பெரும்பங்கு பறக்கச் செலவாகவில்லை, இரவில் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே போனது.


முப்பந்தல் காற்று (நாகர்கோவில்):

காற்றாலையில் டெக்னீஷியனாக 15 வருடம் இருந்தவன் நான். ஊருக்கே இருட்டு வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, அதைச் சொல்கிறேன்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடிக்கிற வேகத்தில் நின்று பேச முடியாது. ராத்திரி 2 மணிக்கு எல்லா இறக்கையும் சுற்றும், ஊரே தூங்கும். வாங்க ஆள் இல்லையென்றால் மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். நல்ல காற்றில் இறக்கையைத் திருப்பி நிறுத்துகிற வேதனை, செய்தவனுக்குத்தான் தெரியும். ஐப்பசி வந்தால் காற்று படுத்துவிடும். அப்போது ஏங்குவோம்.

இதற்குத் தமிழ்நாட்டில் பழைய பேட்டரி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஆனைமலையில் காடம்பாறை. மேலே ஓர் அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மிச்சக் கரண்ட் இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுற்றுவார்கள். 400 மெகாவாட். 1980களின் கடைசியிலிருந்து இருக்கிறது. ஏற்றி இறக்குவதில் நாலில் ஒரு பங்கு போகும், மிச்சம் கிடைக்கும்.

தண்ணீர்தானே, சுலபம் என்று நினைக்க வேண்டாம். மாடியில் 1,000 லிட்டர் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதில் இருக்கும் சக்தி 0.03 யூனிட்கூட இல்லை. டீச்சர் வீட்டு மெஷினை 5 நிமிடம் ஓட்டுவதற்குள் தீர்ந்துவிடும். 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு யூனிட் எடுக்கவே 3,600 லிட்டருக்கு மேல் வேண்டும். அதனால்தான் மலையும் அணையும் தேவைப்படுகின்றன. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். அதற்குக் குடையும் மலையும் காடும் யாருடையது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், சும்மா வருவதில்லை.


யாழ்_வெயில் (யாழ்ப்பாணம்):

முப்பந்தல் அண்ணை, எங்கள் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேற்றரில் ஓடுகிற தீவுகள். காற்றாலை, சோலார், பற்றரி மூன்றையும் சேர்த்து அங்கே போட இந்திய அரசின் நன்கொடையில் ஒரு திட்டம். மலையில்லாத ஊருக்குப் பற்றரிதான் அணை. டீசலைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.


நிலாப்பித்தன் (மதுரை):

பேட்டரியிலேயே ராக்கெட் விட முடியுமா என்று வகுப்பில் கேட்டேன், சார் முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டார்.


கடிகாரமுள் (பெங்களூரு):

ஒரு கிலோ ஹைட்ரஜனை எரித்தால் 33 யூனிட். அதை எரிக்க 8 கிலோ ஆக்சிஜனையும் தூக்க வேண்டும் என்பதால் 9ஆல் வகு. அப்போதும் கிலோவுக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல். பேட்டரியில் 0.2. அதோடு, எரிந்த பொருளைப் பின்னால் வேகமாகத் தள்ளுவதால்தான் ராக்கெட் முன்னால் போகிறது. பேட்டரி காலியானாலும் எடை அப்படியே உட்கார்ந்திருக்கும், தள்ள ஒன்றும் தராது.

ஆனால் உன் சாரிடம் இதைச் சொல். நியூசிலாந்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் ராக்கெட் எரிப்பது மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான், ஆனால் அவற்றை எஞ்சினுக்குள் தள்ளும் பம்பைச் சுற்றுவது லித்தியம் பேட்டரி. மேலே போகிற வழியில் காலியான பேட்டரியைக் கழற்றி வீசிவிட்டுப் போகும். 2018 ஜனவரியில் முதல்முறை சுற்றுப்பாதையை எட்டியது.


பேட்டரிக்கடை (திருப்பூர்):

கழற்றி வீசுவதா! நீங்கள் சொல்லச் சொல்ல நானும் தேடிப் படித்தேன். ஹப்பிள் தொலைநோக்கியில் 1990இல் வைத்த நிக்கல் ஹைட்ரஜன் பேட்டரியை 2009இல்தான் மாற்றினார்களாம். 19 வருடம்! ஒரு நாளைக்கு 15 தடவை ஏறி இறங்கியும் தாங்கியிருக்கிறது. காரணம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் இறக்கினார்கள். நான் வாடிக்கையாளர்களிடம் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான். அடிவரை இறக்காதீர்கள். ஈயமானால் பாதியோடு நிறுத்துகிற மாதிரி அளவு பார்த்து வாங்குங்கள்.


மாடித்தோட்டம் (திருச்சி):

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் செலவழித்ததற்கு நன்றி. பதினைந்து நாள் கழித்து வருகிறேன். பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். 2 லிட்டரில் மெஷின் 290 வாட்ஸ்தான் எடுக்கிறது. அப்பா அறையில் பழைய ஃபேனை எடுத்துவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேன் மாட்டினோம். லைட்டோடு 330.

24 வோல்ட் சைன் வேவ் இன்வெர்ட்டரும், 25.6 வோல்ட், 100 ஏஎச் எல்எஃப்பி பேட்டரியும் வாங்கிவிட்டேன். பேட்டரியில் இரண்டரை யூனிட். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து ரசீது வாங்கினேன். சனிக்கிழமை பகலில் மெயினை அணைத்துச் சோதித்தோம். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், மாறியது அவருக்குத் தெரியவே இல்லை. 6 மணி நேரம் ஓட்டியபோது இன்னும் 10 சதவீதம் இருந்தது. டாக்டர் சொன்னபடி 1,500 லிட்டர் பி டைப் சிலிண்டர் ஒன்றும் வைத்திருக்கிறோம், 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் வரும்.

எட்டாம் வகுப்பில் மந்திரம் அவர்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து "மிஸ், விக்ரம் இன்னும் அங்கேயே இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். சரிதானே?

ஒரே ஒரு சந்தேகம். பேட்டரி இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மேற்கு வெயில் சுவர். சித்திரையில் அந்தச் சுவர் கொதிக்கும்.


கடிகாரமுள் (பெங்களூரு):

சரிதான். அங்கேயேதான் நிற்கிறது, பிரக்யானும் பக்கத்தில்.


பேட்டரிக்கடை (திருப்பூர்):

சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள் டீச்சர், முன்னால் துணி, பேப்பர் எதுவும் அடுக்காதீர்கள். பங்குனிக்குள் கிழக்கு அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். வயர் நீளமானால் கனமான வயராகப் போடச் சொல்லுங்கள். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.